பிளேன்ஸ் புரொஜெக்‌ஷன்: பெங்களூரு முதலாண்டுப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், சிவாஜிநகர், கே.ஆர்.புரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் இன்ஜினியரிங் டிராயிங் டியூஷன் எடுக்கிறேன். கோலார் தங்கவயல், ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இங்கே வி.டி.யு. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) கல்லூரிகளில் சேர்ந்தவர்களும் அதில் உண்டு. பாயின்ட், லைன் வரைக்கும் எப்படியோ ஒப்பேற்றிவிடுகிறார்கள். தட்டையான ஒரு பரப்பை எச்.பி.க்கு (கிடைத்தளம்) சாய்த்து, அதன் விளிம்பை வி.பி.க்கும் (செங்குத்துத் தளம்) சாய்த்து வரையச் சொன்னால்தான் பென்சில் நின்றுவிடுகிறது. வருஷா வருஷம் கேள்விகள் மாறுவதில்லை, முகங்கள்தான் மாறுகின்றன. அதனால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குகள் எல்லாம் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில், அளவுகள் மில்லிமீட்டரில்.

லாமினா என்றால் என்ன? அதற்குத் தடிமன் உண்டா?

கிடையாது. நீளம், அகலம் மட்டும் உள்ள தட்டையான உருவம்: முக்கோணம், சதுரம், செவ்வகம், ஐங்கோணம், அறுகோணம், வட்டம். கணக்கில் 'தின் பிளேட்' என்று வந்தாலும் இதுதான். பக்கவாட்டில் பார்த்தால் ஒரே ஒரு கோடாகத் தெரியும். இதை மறக்காமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்தே வந்துவிடும்.

எச்.பி., வி.பி. இரண்டும் எங்கே இருக்கின்றன? டாப் வியூ ஏன் கீழே போகிறது?

உங்கள் அறையின் தரை எச்.பி., எதிர்ச்சுவர் வி.பி., இரண்டும் சேரும் மூலைக்கோடு எக்ஸ்-ஒய். ஒரு அட்டையைத் தரைக்கு மேலே, சுவருக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்ததைத் தரையில் வரைகிறோம், அது டாப் வியூ. முன்னாலிருந்து பார்த்ததைச் சுவரில் வரைகிறோம், அது ஃப்ரண்ட் வியூ. வரைவதோ ஒரே தாளில். அதற்காகத் தரையை எக்ஸ்-ஒய் கோட்டில் கீல் போட்டது போல 90 டிகிரி கீழே மடக்குகிறோம். சுவரில் இருந்தது கோட்டுக்கு மேலே நிற்கும், தரையில் இருந்தது கோட்டுக்குக் கீழே வரும்.

தரையையும் சுவரையும் நீட்டினால் இடம் நான்கு கால்பகுதிகளாகப் பிரியும். தரைக்கு மேலே, சுவருக்கு முன்னால் உள்ளது முதலாவது, பொருளை அதில் வைத்து வரைவதுதான் ஃபர்ஸ்ட் ஆங்கிள். பொருளை இரண்டாவது அல்லது நான்காவது கால்பகுதியில் வைத்து இதேபோல மடக்கினால் இரண்டு வியூவும் எக்ஸ்-ஒய் கோட்டின் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதனால்தான் செகண்ட் ஆங்கிள், ஃபோர்த் ஆங்கிள் டிராயிங்கை யாரும் பார்த்ததில்லை. இந்தியாவில் கல்லூரிப் பாடத்துக்கான பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) கையேடு எஸ்.பி. 46. அது சொல்வது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்காவிலிருந்து வரும் டிராயிங்குகள் தேர்டு ஆங்கிளில் இருக்கும். பெங்களூரு டிசைன் ஆபீஸ்களில் இரண்டும் மேசைக்கு வரும் என்பதால் டைட்டில் பிளாக்கில் (தாளின் மூலையில் உள்ள விவரக் கட்டம்) உள்ள சின்னத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். வெட்டிய கூம்பின் பெரிய முனைப் பக்கம் இரட்டை வட்டம் இருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள், சிறிய முனைப் பக்கம் இருந்தால் தேர்டு ஆங்கிள்.

ஒரு பரப்பு எத்தனை விதமாக நிற்கலாம்?

எச்.பி.க்கு இணையாகப் படுத்திருக்கலாம். அப்போது டாப் வியூவில் உண்மையான வடிவம், ஃப்ரண்ட் வியூவில் கோடு. வி.பி.க்கு இணையாக நின்றால் இது தலைகீழ். இரண்டுக்கும் செங்குத்தாக நின்றால் இரண்டு வியூவிலும் வெறும் கோடுதான் கிடைக்கும், வடிவத்தைப் பார்க்கப் இரண்டுக்கும் செங்குத்தான பக்கச்சுவர் போன்ற பி.பி.யில் (புரொஃபைல் பிளேன்) சைடு வியூ போட்டே ஆக வேண்டும். ஒன்றுக்குச் செங்குத்தாகவும் மற்றொன்றுக்குச் சாய்ந்தும் நிற்கலாம். அப்போது ஒரு வியூ கோடு, மற்றது குறுகிய வடிவம். கடைசி வகை இரண்டுக்கும் சாய்ந்தது. எந்த வியூவிலும் கோடும் இல்லை, உண்மை வடிவமும் இல்லை. தேர்வில் மார்க் இருப்பது இங்கேதான்.

சாய்த்தால் ஏன் குறுகுகிறது? எந்தப் பக்கம் குறுகும், எந்தப் பக்கம் குறுகாது?

பெங்களூரில் மொட்டைமாடிக்குப் போனால் எதிர்வீட்டில் ஒரு சோலார் ஹீட்டர் பலகை கட்டாயம் கண்ணில் படும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 25 டிகிரி சாய்வு என்று வைத்துக்கொள்வோம். அகலப் பக்கத்தின் கீழ்விளிம்பு தளத்தில் கிடக்கிறது. நேர் மேலிருந்து படம் எடுத்தால் நீளம் 2 பெருக்கல் காஸ் 25, அதாவது 1.81 மீட்டராகத் தெரியும். அகலம் அதே 1 மீட்டர். கீழ்விளிம்பும் மேல்விளிம்பும் தளத்துக்கு இணையாகவே இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பலகையின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கும்? 2 பெருக்கல் சைன் 25, சுமார் 0.85 மீட்டர்.

தளத்துக்கு இணையான கோடு டாப் வியூவில் உண்மை நீளம் காட்டும். சரிவோடு ஏறும் கோடு குறுகும். பாடப் புத்தகம் பத்துப் பக்கத்துக்குச் சொல்வது இதைத்தான்.

அண்ணா, டாப் வியூவில் தொடங்குவதா, ஃப்ரண்ட் வியூவில் தொடங்குவதா?

லாமினா எதில் தங்கியிருக்கிறது என்று கேள்வியில் பாருங்கள். எச்.பி.யில் ஒரு விளிம்போ மூலையோ தங்கியிருந்தால், முதலில் முழுப் பரப்பும் எச்.பி.யில் படுத்திருப்பதாக வைத்து உண்மை வடிவத்தை டாப் வியூவில் போடுங்கள். வி.பி.யில் விளிம்பு என்றால் உண்மை வடிவம் ஃப்ரண்ட் வியூவில். உண்மை வடிவத்தை எந்த வியூவில் போடுவது என்று முடிவாகிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

தங்கியிருக்கும் விளிம்பு ஏன் எக்ஸ்-ஒய்க்குச் செங்குத்தாக இருக்க வேண்டும்? சார் காரணம் சொல்லவில்லை.

அடுத்த படியில் லாமினாவைச் சாய்க்கப் போகிறீர்கள். சாய்த்த பிறகும் ஃப்ரண்ட் வியூவில் அது ஒரே கோடாகத் தெரிந்தால்தான் அந்தக் கோட்டை அப்படியே கேள்வியில் கேட்ட கோணத்துக்குத் தூக்கி வைக்க முடியும். சாய்வின் கீல் அந்த விளிம்பு. கீல் வி.பி.க்குச் செங்குத்தாக இருந்தால் முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு புள்ளி, அதைச் சுற்றி எழும் பரப்பு ஒரு கோடு. கீல் கோணலாக இருந்தால் எழும்போதே பரப்பு விரிந்து தெரிய ஆரம்பிக்கும், கோணத்தை அளக்க இடமே இருக்காது.

மூலையில் தங்கினால்? அந்த மூலையை இடது ஓரத்தில் வைத்து, உருவத்தின் சமச்சீர்க் கோடு எக்ஸ்-ஒய்க்கு இணையாக வரும்படி போடுங்கள். 'மூலையைச் சேரும் இரண்டு பக்கங்களும் எச்.பி.க்குச் சம சாய்வில்' என்று கேள்வியில் ஒரு வரி வந்து பயமுறுத்தும். அதற்குப் பொருள் இவ்வளவுதான்.

ஒரு கணக்கை முதலிலிருந்து கடைசி வரை போட்டுக் காட்டுங்களேன்.

எடுத்துக்கொள்வது: பக்கம் 30 உள்ள ஒழுங்கு அறுகோண லாமினா, ஒரு பக்கம் எச்.பி.யில் தங்கியிருக்கிறது. பரப்பு எச்.பி.க்கு 45 டிகிரி. தங்கியிருக்கும் பக்கம் வி.பி.க்கு 30 டிகிரி.

முதல் நிலை. எக்ஸ்-ஒய்க்குக் கீழே அறுகோணத்தைப் போடுங்கள். ஏ-பி பக்கம் இடது ஓரத்தில் எக்ஸ்-ஒய்க்குச் செங்குத்து. அங்கிருந்து வரிசையாக சி, டி, இ, எஃப். ஃப்ரண்ட் வியூ எக்ஸ்-ஒய் மேலேயே ஒரு கோடு. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான தூரம்தான் அதன் நீளம்: 30 பெருக்கல் 1.732, ஏறத்தாழ 52. நடுவில் 26-இல் சி-யும் எஃப்-உம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும்.

இரண்டாம் நிலை. அந்த 52 நீளக் கோட்டை ஏ-பி முனையை எக்ஸ்-ஒய்யில் வைத்து 45 டிகிரிக்குத் தூக்குங்கள். மேல்முனையின் உயரம் 36.7, நடுப்புள்ளியின் உயரம் 18.4. இந்தப் புள்ளிகளிலிருந்து கீழே செங்குத்துக் கோடுகள், முதல் நிலை டாப் வியூவிலிருந்து குறுக்கே கிடைக்கோடுகள். சந்திக்கும் இடங்களைச் சேர்த்தால் குறுகிய அறுகோணம். 52 இருந்த இடத்தில் 36.7. ஆனால் சி-யிலிருந்து எஃப்-க்கு அதே 60.

மூன்றாம் நிலை. குறுகிய அறுகோணத்தை வடிவம் மாறாமல் அப்படியே பெயர்த்து, ஏ-பி பக்கம் எக்ஸ்-ஒய்க்கு 30 டிகிரி வரும்படி வையுங்கள். ஒவ்வொரு மூலையிலிருந்தும் மேலே கோடு. உயரங்கள் மட்டும் இரண்டாம் நிலையிலிருந்து: ஏ, பி எக்ஸ்-ஒய் மேலேயே, சி, எஃப் 18.4 உயரத்தில், டி, இ 36.7 உயரத்தில். சேர்த்தால் கடைசி ஃப்ரண்ட் வியூ.

சரிபார்க்க: ஏ-பி, சி-எஃப், டி-இ மூன்றும் தரைக்கு இணையான கோடுகள். ஆகவே கடைசி ஃப்ரண்ட் வியூவில் மூன்றும் கிடையாகவே இருக்க வேண்டும். நீளம் முறையே 26, 52, 26. ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தப்பினால் மூன்றாம் நிலையில் அறுகோணத்தைப் பெயர்க்கும்போது ஏதோ நழுவியிருக்கிறது. பெரும்பாலும் காம்பஸை எடுக்காமல் கண்ணளவில் பெயர்த்திருப்பீர்கள்.

'வட்டத் தட்டின் விட்டம் வி.பி.க்கு 30 டிகிரி' என்கிறது ஒரு கேள்வி. 'விட்டத்தின் டாப் வியூ வி.பி.க்கு 30 டிகிரி' என்கிறது இன்னொன்று. இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தப் பாடத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால் இதற்கு ஒதுக்குங்கள். கோணம் யாருடையது? பரப்பினுடையதா, விளிம்பினுடையதா, அல்லது அதன் வியூவினுடையதா? இதைப் பிரிக்கத் தெரியாமல் மூன்று நிலையையும் மனப்பாடம் செய்து பயனில்லை.

விட்டம் 50 உள்ள தட்டு, ஏ என்ற புள்ளி எச்.பி.யில், பரப்பு எச்.பி.க்கு 30 டிகிரி சாய்வு. ஏ வழியாகப் போகும் விட்டம் சரிவோடு நேராக ஏறுகிறது. அதனால் இரண்டாம் நிலை டாப் வியூவில் அதன் நீளம் 50 அல்ல, 43.3.

'டாப் வியூ 30 டிகிரி' என்றால் நேர்வழி. அந்த 43.3 கோட்டை எக்ஸ்-ஒய்க்கு 30 டிகிரியில் வைத்துவிட்டு மேலே போகலாம்.

'விட்டம் 30 டிகிரி' என்றால் அது வானில் நிற்கும் உண்மை விட்டத்தின் கோணம். அப்போது ஏ-யிலிருந்து உண்மை நீளம் 50-ஐ 30 டிகிரியில் மெல்லிய கோடாகப் போடுங்கள். அதன் மறுமுனை வழியாக எக்ஸ்-ஒய்க்கு இணையாக ஒரு கோடு, ஏ-யிலிருந்து அது 25 தூரத்தில் இருக்கும். இப்போது ஏ-யை மையமாக வைத்து 43.3 ஆரத்தில் அந்த இணைகோட்டை வெட்டுங்கள். வெட்டிய திசைதான் டாப் வியூவின் திசை. அளந்தால் 30 வராது, 35 டிகிரியை ஒட்டி வரும். இதைத்தான் புத்தகங்களில் பீட்டா, தோற்றக் கோணம் என்கிறார்கள்.

அப்படியானால் மேலே அறுகோணக் கணக்கில் ஏன் நேரடியாக 30 டிகிரி வைத்தோம்? அங்கே சாய்ந்தது எச்.பி.யில் கிடக்கும் விளிம்பு. தரையில் கிடக்கும் கோட்டுக்கு டாப் வியூ கோணமும் உண்மைக் கோணமும் ஒன்றே. பீட்டா தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் பீட்டா போட்டு மார்க்கை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தேவையான இடத்தில் போடாதவர்களை விடவும் கூட.

பரப்பு எச்.பி.க்கு 30, விட்டம் வி.பி.க்கு 60 என்று வந்தால்?

மேலே சொன்னபடி போடுங்கள். 50 பெருக்கல் சைன் 60 என்பது 43.3. ஆரமும் 43.3. ஆகவே வில் இணைகோட்டை வெட்டாது, ஒரே புள்ளியில் தொடும். டாப் வியூவில் விட்டம் எக்ஸ்-ஒய்க்குச் செங்குத்தாக நிற்கும். 30-ம் 60-ம் சேர்ந்தால் 90 என்பதால் வரும் நிலை இது. 90-ஐத் தாண்டினால் வில் தொடவே தொடாது, அப்படி ஒரு விட்டம் இருக்கவே முடியாது.

அப்படியானால் பரப்பு எச்.பி.க்கு 30, வி.பி.க்கு 40 டிகிரி சாய்ந்தது என்று ஒரு கணக்கு?

அது தப்பான கணக்கு. கோட்டுக்கும் பரப்புக்கும் விதி எதிரெதிர். கோடு என்றால் இரண்டு தளங்களோடும் செய்யும் கோணங்களின் கூட்டல் 90-ஐத் தாண்டாது. பரப்பு என்றால் 90-க்குக் குறையாது. அட்டையை எடுத்துத் தரையோடு 30 டிகிரி சாய்த்துப் பாருங்கள். சுவரோடு அதன் கோணத்தை 60-க்குக் கீழே கொண்டுவர எந்தப் பக்கம் திருப்பினாலும் முடியாது. ஆகவே '30, 40' என்று இரண்டு எண்கள் வந்தால், இரண்டாவது எண் பரப்பினுடையதாக இருக்க வழியில்லை. வரியை மறுபடி படியுங்கள், 'எட்ஜ்' அல்லது 'டயகனல்' என்ற சொல் கண்ணில் படாமல் போயிருக்கும்.

தட்டு நீள்வட்டமாகத் தெரிகிறது, சாய்வு எவ்வளவு என்று தலைகீழாகக் கேட்கிறார்களே?

வட்டத்தை எப்படிச் சாய்த்தாலும் நீள்வட்டத்தின் பெரிய அச்சு உண்மை விட்டம். சிறிய அச்சைப் பெரிய அச்சால் வகுத்தால் சாய்வின் காஸ். பெரியது 50, சிறியது 30 என்றால் 0.6, சாய்வு சுமார் 53 டிகிரி. 60-க்கு 40 செவ்வகம் டாப் வியூவில் சதுரமாகத் தெரிய வேண்டும் என்றால் 60 குறுகி 40 ஆக வேண்டும், சாய்வு சுமார் 48 டிகிரி. கால்குலேட்டர் இல்லாமலும் போடலாம். இரண்டாம் நிலையில் எக்ஸ்-ஒய்யில் தங்கும் முனையிலிருந்து 40 தள்ளி ஒரு செங்குத்துக் கோடு, அதே முனையிலிருந்து 60 ஆரத்தில் வில், வெட்டும் இடத்தைச் சேர்த்தால் கோணம் தானாக வந்துவிடும்.

கோயம்புத்தூரில் படிக்கும் என் கசின் 'ரொட்டேட்டிங் ஆப்ஜெக்ட் மெத்தட்' என்கிறாள். எங்களுக்கு 'சேஞ்ச் ஆஃப் பொசிஷன்'. எது சுலபம்?

இரண்டும் ஒரே முறை. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஒரு பெயர், வி.டி.யு.வில் இன்னொரு பெயர். லாமினாவை நகர்த்தி நகர்த்தி மூன்று நிலையாக வரைவது. தாராளமாக நோட்ஸை மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொரு முறை ஆக்சிலரி பிளேன் முறை. அதில் லாமினா அசையாது, எக்ஸ்-ஒய் கோடுதான் இடம் மாறும். எனக்கு அது பிடிக்கும், தாளில் இடம் மிச்சம். ஆனால் தேர்வில் எந்த முறை கேட்கிறார்களோ அதில் போடுங்கள், புத்திசாலித்தனத்தை அங்கே காட்ட வேண்டாம்.

எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் செய்கிறது. கல்லூரியில் சாலிட் எட்ஜ் என்ற வரைபட சாஃப்ட்வேர் வேறு இருக்கிறது. கையால் ஏன்?

சாஃப்ட்வேர் கோடு போடும். எந்த விளிம்பை எங்கே வைக்கலாம் என்று அது சொல்லாது. லேபில் 2டி-யில் மூன்று நிலையையும் நீங்கள்தான் அடுக்க வேண்டும். மூன்றாம் நிலையில் 'காப்பி', 'ரொட்டேட்' இருப்பதால் பெயர்க்கும் வேலை மட்டும் சுளுவு.

வேலைக்குப் போன பிறகும் இது விடாது. பீன்யாவில் தகடு வெட்டி மடிக்கும் பட்டறைகளில் ஹாப்பர் செய்வார்கள், மேலே அகலமாய்க் கீழே குறுகிய தொட்டி. அதன் சரிவு முகம் தரையோடு 60 டிகிரி, சரிவோடு அளந்தால் 600 என்று வையுங்கள். டாப் வியூவில் அது வெறும் 300. டாப் வியூவை அளந்து தகடு வெட்டினால் நான்கு முகமும் ஒன்றோடொன்று சேரவே சேராது. உண்மை வடிவம் எந்த வியூவில் தெரியும் என்று தெரிந்தவர்தான் அங்கே கட்டிங்குக்குக் கையெழுத்துப் போட முடியும்.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள்? (கோபமாகக் கேட்கப்பட்டது.)

பிரான்ஸ்காரர் காஸ்பார் மோன்ஜ், 1746-இல் பிறந்து 1818-இல் இறந்தவர். மெசியேர் நகரத்து ராணுவப் பொறியியல் பள்ளியில் இருந்தபோது, எதிரியின் குண்டு உள்ளே விழாதபடி கோட்டைச் சுவரை எங்கே எவ்வளவு உயர்த்துவது என்ற கணக்கு அவரிடம் வந்தது. நீண்ட எண்கணக்குக்குப் பதிலாக இரண்டு தளங்களில் வரைந்தே விடை சொன்னார். இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது என்று முதலில் நம்ப மறுத்தார்கள். நம்பிய பிறகு ராணுவ ரகசியமாகப் பூட்டி வைத்தார்கள். புரட்சிக்குப் பிறகு 1795-இல் பாரிஸில் பாடமாக நடத்தினார், 1799-இல் புத்தகமாக வந்தது. ரகசியமாகவே இருந்திருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

என் மகனுக்கு என்னென்ன வாங்கித் தர வேண்டும்?

மினி டிராஃப்டர் (இணைகோடும் கோணமும் போடும் கருவி), நல்ல காம்பஸ், 2எச், எச், எச்பி பென்சில்கள், ரப்பர். புத்தகம் அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கும். பழைய பதிப்பானாலும் பரவாயில்லை, அறுகோணம் மாறாது. டிராஃப்டரை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். மூட்டு லூசாக இருந்தால் இணைகோடு இணையாக வராது, பையன்மேல் பழி விழும். தங்கவயல் ரயிலில் தினம் வந்துபோகிற பிள்ளை என்றால் ஷீட் சுருட்டி வைக்க ஒரு பிளாஸ்டிக் குழாயும் சேர்த்து வாங்குங்கள்.

ட்ரேஸ் கேட்பார்களா?

சில சமயம். பரப்பை நீட்டினால் எச்.பி.யைச் சந்திக்கும் கோடு எச்.டி., வி.பி.யைச் சந்திப்பது வி.டி. எச்.பி.க்கு இணையான பரப்புக்கு எச்.டி. கிடையாது. வி.பி.க்குச் செங்குத்தாய் எச்.பி.க்குச் சாய்ந்தது என்றால் எச்.டி. எக்ஸ்-ஒய்க்குச் செங்குத்து, வி.டி. அதே சாய்வுக் கோணத்தில்.

லாமினாவில் புள்ளிக்கோடு, அதாவது மறைந்த விளிம்பு வருமா?

வராது. தடிமன் இல்லாத பரப்பில் ஒரு விளிம்பை இன்னொன்று மறைக்க வழியில்லை. வெளிக்கோடு முழுவதும் அழுத்தமாக வரலாம், கட்டுமானக் கோடுகள் மெல்லிசாக இருக்கட்டும், அவற்றை அழிக்காதீர்கள். புள்ளிக்கோடு அடுத்த பாடத்தில், சாலிட்ஸில் (கனப் பொருள்கள்) வரும்.